கழற்றி வைத்த கணப்பு

சோப்போரில் ஆற்றை ஒட்டிய அந்தச் சந்தில் குளிர்காலம் என்றைக்கு முடிகிறது என்று சொல்லும் பொறுப்பு தஸ்லீமாவுடையது. யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள், பதினொரு வருஷமாக ஒரு தடவைகூடப் பிசகவில்லை, அதனால் யாரும் திருப்பிக் கேட்கவுமில்லை.

மார்ச் கடைசியிலோ ஏப்ரல் நடுவிலோ ஒரு நாள் காலையில் வாசலுக்கு வருவாள். ஆற்றுச் சேற்றின் வாசம் எப்படி இருக்கிறது, வாதுமை மொட்டு எவ்வளவு வாய் திறந்திருக்கிறது, சுவரோரம் கால் வைத்தால் மண் எவ்வளவு உள்வாங்குகிறது என்று பார்ப்பாள். "போதும்" என்பாள். அவ்வளவுதான். அவள் புருஷன் நஸீர் நடுவறையில் இருக்கும் புகாரியை, அதுதான் விறகு போட்டு எரிக்கும் இரும்புக் கணப்பை, கழற்றத் தொடங்குவான். கூரை வரை போகும் தகரக் குழாய்கள் முற்றத்தில் வந்து விழும் சத்தம் கேட்டதும் மற்ற பதிமூன்று வீட்டுப் பெண்களும் தங்கள் புருஷன்மாரை எழுப்புவார்கள். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க முகம் கரியாகிவிடும்.

"உங்க வீட்டுக்காரி வானிலை ஆபீஸ்ல வேலைக்குப் போயிருக்கலாம் நஸீர் பாய்" என்பார்கள். நஸீர் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவி அடுக்கும் வேலையில் இருப்பவன். நிதானமாகப் பதில் சொல்வான்: "அங்க மேலதிகாரின்னு ஒருத்தர் இருப்பாரே. அந்த மனுஷன் பாவமில்லையா?"

பதிமூன்று வீடும் பேச்சைக் கேட்கும் என்று சொன்னேன். பதினான்காவது வீடு நேர் எதிரே இருக்கிறது. அது ஹாஜிராவுடையது. ஊரே ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கும் அக்டோபரிலேயே ஹாஜிரா கணப்பை மாட்டிவிடுவாள். ஊரே கழற்றி ஒரு மாதம் ஆனபின், மே மாதம் பாதியில்தான் அவள் வீட்டுக் குழாய் இறங்கும். இது தன்னை மட்டம் தட்டுவதற்காகவே செய்யப்படுகிற காரியம் என்பதில் தஸ்லீமாவுக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. வீம்புக்காரி என்று முடிவு கட்டிவிட்டாள். ரொட்டிக் கடை வரிசையில் நேருக்கு நேர் வந்தால் ஒரு சலாம், அதற்கு ஒரு பதில் சலாம். பதினொரு வருஷத்தில் இரண்டு பேரும் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிண்ணம் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

தஸ்லீமாவுக்கு வயது நாற்பத்து மூன்று. நல்ல உயரம். சந்தின் இந்தக் கோடியில் அவள் பேசினால் அந்தக் கோடியில் கோழி தலை தூக்கும். பிள்ளை இல்லை. ஆனால் பிள்ளை வளர்த்திருக்கிறாள். அம்மா போனபோது தங்கை நகீனாவுக்கு ஒன்பது வயது. கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தவள் படிக்க வைத்தாள், போன வருஷம் இதே வீட்டிலிருந்து கல்யாணமும் செய்து அனுப்பினாள். மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆப்பிள் வியாபாரம், மூன்று மாடி, கல் தரைக்கு அடியில் நெருப்பு ஓடும் ஹமாம் அறை வேறு. அந்த அறையில் மாமியார் சாரா பேகம் ஜனவரியிலும் விசிறி கேட்பாள் என்று ஊரில் பேச்சு.

நகீனா உண்டானதும் சாரா பேகம் ஒரு வார்த்தை சொன்னாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, ஆனால் சொன்னாள். "பிரசவத்துக்கு இங்கயே இருந்துக்கட்டுமே. அம்மா இல்லாத பொண்ணு, அங்க போய் யாருகிட்ட இருப்பா?"

தஸ்லீமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்கிட்ட இருப்பா. எல்லாப் பொண்ணும் தாய்வீட்டுல நாப்பது நாள் இருக்குற மாதிரி என் தங்கச்சியும் இருப்பா. ஒரு நாள் குறையாது."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நாற்பது நாளும் குறையில்லாமல் வைத்திருந்து அனுப்பினால்தான் நகீனாவுக்குத் தாய்வீடு என்று ஒன்று இருப்பதாக அர்த்தம். நடுவிலே அவர்கள் வந்து கூட்டிப் போய்விட்டால், பிறகு சாகும்வரை அவள் தாய்வீடு இல்லாதவள்தான்.

அதனால்தான் இந்த வருஷம் தஸ்லீமாவின் மூக்கு அவசரப்பட்டது. நடுவறைச் சுவரில் குழாய் போகும் துளையைச் சுற்றிப் பெரிய கரி வட்டம். சம்பந்தி வீட்டார் வந்து உட்காரும் அறை அது. சுவரை வெள்ளையடிக்க வேண்டும், அதற்குக் கணப்பு கீழே இறங்க வேண்டும். மார்ச் மூன்றாம் வாரமே வாசலில் நின்று "போதும்" என்றாள்.

"மலையில பனி அப்படியே கிடக்கே தீதி" என்று பக்கத்து வீட்டுக்காரி இழுத்தாள். சந்துக்கே அவள் தீதி, அதாவது அக்கா.

"நீ மலையில குடி இருக்கியா, சந்துல குடி இருக்கியா?"

அதற்கு மேல் யார் பேசுவது? கழற்றினார்கள். போதாததற்கு, எல்லா வீட்டுக் குழாயும் துருப்பிடித்திருக்கிறது, மொத்தமாகக் கொடுத்தால் தகரக்காரன் ஒழுங்காகப் பார்ப்பான் என்று தஸ்லீமாவே கைவண்டி பேசி, தன் வீட்டுக் குழாயோடு பதிமூன்று வீட்டுக் குழாயையும் கடைவீதிக்கு அனுப்பிவைத்தாள். தன் வீட்டுத் துளையைச் சிமெண்ட் பூசி அடைத்தாள். சுவர் பால்போல ஆனது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மாதக் கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அக்கா வீடு. முதல் பத்து நாள் நல்ல வெயில். பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் வாதுமைப் பூ முழுக்க முற்றத்துச் சேற்றில் கிடந்தது. எதிர் மலை அடிவாரம்வரை வெளுத்திருந்தது. பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. எட்டு மணிக்குச் சந்து முனை டிரான்ஸ்பார்மர் ஒரு பெரிய இருமல் இருமிவிட்டு உயிரை விட்டது. மின்சார ஹீட்டர் மூலையில் பொம்மையாக நின்றது.

நஸீர் மார்போடு ரொட்டியை அணைத்துக்கொண்டு நனைந்து வந்தான். "தகரக்காரன் கடை பூட்டிக் கிடக்கு. ஊர்ல ஏதோ விசேஷமாம். திங்கக்கிழமைதான் வருவானாம்."

"சாவி யார்கிட்ட இருக்காம்?"

"அவன் இடுப்புல."

தஸ்லீமா கையைப் பிசையவில்லை. அது அவள் வழக்கமில்லை. ஒரே மூச்சில் வேலையை ஆரம்பித்தாள். நான்கு பஞ்சு ரஜாய்ப் போர்வைகளை விரித்து நகீனாவை நடுவில் உட்கார வைத்தாள். வெந்நீர் போட்டு பாட்டில்களில் அடைத்துத் துணி சுற்றி இரண்டு பக்கமும் வைத்தாள். கரி நிரப்பிய காங்ரிச் சட்டியை நஸீர் கொண்டுவந்தபோது அதட்டித் திருப்பி அனுப்பினாள். பச்சைப் பிள்ளை இருக்கும் மூடின அறையில் கரிப் புகை கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். குழந்தையைத் தன் ஃபெரன் அங்கிக்குள் விட்டு வயிற்றோடு வைத்துக்கொண்டாள். ஒரு கை சமைத்தது, ஒரு கை பிள்ளையைப் பிடித்தது.

பதினொரு மணிக்கு நகீனாவின் போன் அடித்தது. மாமியார்.

"ஆமா மாமி... நல்லா இருக்கான் மாமி... குளிரா? இங்கயா? இல்லவே இல்ல மாமி, அறை கதகதன்னு இருக்கு, வியர்க்குது." நகீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அக்காவைப் பார்த்தாள். "நாளைக்கா? வாங்க மாமி, வாங்க."

போனை வைத்ததும் தஸ்லீமா கேட்டாள். "என்னடி சொன்னாங்க?"

"நாளைக்கு மதியத்துக்கு முன்னாடி வர்றாங்களாம். அங்க குளிர் எப்படி, அறை சூடா இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டாங்க."

"ரெண்டு தடவையா?"

"மூணு."

தஸ்லீமாவுக்கு விளங்கிவிட்டது. காரோடு வருவாள். அறைக்குள் கால் வைப்பாள். தரையைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு வார்த்தை அதட்ட மாட்டாள், அவள் குணம் அது இல்லை. 'குழந்தைக்கு ஆகாதும்மா, எங்க ஹமாம்ல வெச்சுக்கறேன்' என்று பிள்ளையை வாரிக்கொள்வாள். அதற்கு எதிராக எந்த வாயைத் திறப்பது? பதிமூன்றாம் நாளோடு தாய்வீடு முடிந்தது.

"நீ எதுக்குடி பொய் சொன்னே?"

"உன்னை விட்டுக்கொடுக்கச் சொல்றியா?" என்றாள் நகீனா. தஸ்லீமா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெந்நீர் போடப் போனாள். கண்ணில் நீர் வந்ததற்கு அடுப்புப் புகையைக் காரணம் சொல்ல முடியாது, அது கேஸ் அடுப்பு.

சாயங்காலம் குழந்தை இரண்டு தும்மல் போட்டது. பாதத்தைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஜன்னலோரம் நின்றிருந்த நஸீர் யாருக்கும் இல்லாததுபோலச் சொன்னான். "எதிர் வீட்டுல புகை போகுது."

"எனக்குக் கண் இருக்கு."

"கால் இருக்கான்னு கேக்கிறேன்."

அவள் ஜன்னல் பக்கம் வந்து பார்த்தாள். ஹாஜிராவின் கூரைமேல் சாம்பல் நிறப் புகை தாராளமாக எழும்பிக்கொண்டிருந்தது. அவளிடம் போய் நிற்பதா? பதினொரு வருஷம் கட்டிக் காத்த மரியாதை என்ன ஆவது? சந்தில் இனி எவள் மதிப்பாள்? இரவு முழுக்கப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

ஞாயிறு விடிந்ததும் பிள்ளையை நகீனாவிடம் கொடுத்தாள். தலைத்துணியை இழுத்துக் கட்டினாள். சேற்றில் நான்கு எட்டு வைத்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஹாஜிரா திறந்தாள். குள்ளம், ஐம்பது வயது, கன்னம் இரண்டும் அனலில் சிவந்திருந்தது. தஸ்லீமாவை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"வழி தவறி வந்துட்டியா?"

"இல்ல. உன் வீட்டுக்குத்தான் வந்தேன்."

"என்ன விஷயம்? குளிர்காலம் முடிஞ்சாச்சுன்னு சொல்ல வந்தியா? என் காதுக்கும் எட்டுச்சு, மார்ச்சுலயே."

குத்து சரியான இடத்தில் விழுந்தது. தஸ்லீமா அதை வாங்கிக்கொண்டாள். "பேசு, எவ்வளவு வேணும்னாலும் பேசு. உள்ள உட்கார வெச்சுப் பேசு. என் தங்கச்சியையும் பிள்ளையையும் உன் கணப்புப் பக்கத்துல வெச்சுக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஹாஜிராவின் முகத்தில் கிண்டல் அப்படியே நின்றுபோனது. "பிள்ளை குளிர்லயா இருக்கு?"

"நேத்துலேர்ந்து."

"நேத்துலேர்ந்தா? அறிவு இருக்கா உனக்கு? நேத்து உன் கால்ல என்ன விலங்கா போட்டிருந்துச்சு? போ, தூக்கிட்டு வா. நிக்காதே, கதவு வழியா சூடெல்லாம் போகுது!"

தஸ்லீமாவை இப்படி விரட்டியவர்கள் அந்தச் சந்தில் யாரும் இல்லை. அவள் ஓடினாள்.

அரை மணி நேரத்தில் நகீனா ஹாஜிராவின் நடுவறையில், ஆப்பிள் கிளைகள் படபடவென்று எரியும் கணப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள். குழந்தை கையை அங்கியிலிருந்து வெளியே நீட்டி முஷ்டியைத் திறந்து மூடியது. இரண்டு நாளாகக் காணாத காட்சி. ஹாஜிரா உப்புத் தேநீர் ஊற்றிக்கொடுத்தாள், ஊற்றும்போதும் திட்டினாள். தஸ்லீமா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். சம்பந்தியம்மா வரும் நேரத்துக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, வந்து போகும்வரை சமாளித்துவிடலாமா என்று ஒரு எண்ணம் ஓடியது. குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டாள்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. 'தீதியே போய்ட்டாங்களாம்' என்றதும் பக்கத்து வீட்டுக்காரி தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். ஹாஜிராவின் அறையில் கால் நீட்ட இடமில்லை.

பதினொன்றரைக்குக் கார் சத்தம். நஸீர் வாசலில் நின்று வழிகாட்ட, சாரா பேகம் கனத்த சால்வை போர்த்திக்கொண்டு, கூடை நிறைய ரொட்டியோடு அந்த அறைக்குள் நுழைந்தாள். இத்தனை பெண்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இது யார் வீடு?"

தஸ்லீமா எழுந்தாள். இரவெல்லாம் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள், கரண்ட் மேல், தகரக்காரன் மேல், டிரான்ஸ்பார்மர் மேல் பழி போட்டு. ஒன்றையும் எடுக்கவில்லை.

"ஹாஜிரா வீடு, சம்பந்தியம்மா. என் வீட்டுல கணப்பு இல்ல. மார்ச்சுலயே கழட்டிட்டேன். காலம் பார்த்துக் கழட்டல. நீங்க வர்றீங்க, சுவர் வெள்ளையா இருக்கணும்னு கழட்டினேன். என்னை நம்பி இவங்க எல்லாரும் கழட்டினாங்க. நகீனா உங்ககிட்ட சூடா இருக்குன்னு சொன்னது என் மானத்துக்காக. தப்பு என்னோடது, அவளைக் கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு. பிள்ளை இங்க நல்லா இருக்கான், தொட்டுப் பாருங்க. நாப்பது நாள் முடியறவரைக்கும் எந்த வீட்டுல கணப்பு எரியுதோ அந்த வீட்டுல வெச்சு நான் பார்த்துக்குவேன். அனுப்ப மாட்டேன்."

சாரா பேகம் மெல்ல உட்கார்ந்தாள். குழந்தையைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் கணப்பின் பக்கம் நீட்டினாள். நீட்டிய கையை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள்.

"யார் கூட்டிட்டுப் போக வந்தா?" என்றாள். "எங்க கூட்டிட்டுப் போறது? எங்க வீட்டுல ஹமாம் கல்லையெல்லாம் பெயர்த்துப் போட்டிருக்கு. அடியில கரி எடுக்கணும்னு ஆள் விட்டேன். கொத்தனார் பாதியில மழைன்னு போய்ட்டான். மூணு நாளா எலும்பு எலும்பா விறைச்சுக் கிடக்கேன்."

"ஏப்ரல்ல யாராவது ஹமாமைத் திறப்பாங்களா?" என்று ஹாஜிரா வாய் பொறுக்காமல் கேட்டாள்.

"நானா திறந்தேன்? இதோ இவதான் போன்ல சொன்னா." சாரா பேகம் மருமகளைக் காட்டினாள். "எங்க அக்கா கணப்பைக் கழட்டிட்டா, இனிமே குளிர் வராது மாமி, எங்க அக்கா சொன்னா சொன்னதுதான்னு. நம்பித் திறந்தேன். நேத்து நான் போன் பண்ணினா, இங்க வியர்க்குதுங்கறா. சரி, கணப்பைத் திரும்ப மாட்டிட்டாங்க போல, ஒரு நாளாவது போய் அனல்ல உட்காரலாம்னு பேரனைப் பார்க்கிற சாக்குல ஓடி வந்திருக்கேன்."

முதலில் சிரித்தது நஸீர்தான், கதவுக்கு வெளியே. பிறகு அறையே சிரித்தது. தஸ்லீமாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தீதி, உங்க பேச்சு ஆத்தையே தாண்டிப் போயிருக்கு" என்றாள்.

சாரா பேகம் சிரிப்பு அடங்கியதும் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நாப்பது நாளும் இருக்கட்டும்மா. அம்மா இல்லாத பொண்ணுன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அதை மறந்துடு." தஸ்லீமா தலையசைத்தாள்.

தேநீர் இரண்டாம் சுற்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தை ஊதியபடி ஹாஜிராவைக் கேட்டாள். "உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? இந்த வருஷம் குளிர் திரும்பும்னு எதைப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்க?"

எல்லாரும் ஹாஜிராவைப் பார்த்தார்கள். தஸ்லீமாவும் பார்த்தாள். தோற்றது தோற்றாயிற்று, எதைப் பார்த்து என்று தெரிந்துகொள்ளலாமே.

ஹாஜிரா சமோவார் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். "என்னத்தைப் பார்க்கறது? எனக்கு என்ன தெரியும்? மகன் சால்வை மூட்டையைத் தூக்கிக்கிட்டு அக்டோபர்ல கல்கத்தாவுக்குப் போறான். போறதுக்கு முன்னாடி மாட்டி வெச்சுட்டுப் போவான். மே மாசம் திரும்பி வந்து கழட்டுவான். நடுவுல இந்த இரும்பை நான் ஒத்தையா எப்படி இறக்கறது? எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து இப்படித்தான்."

தஸ்லீமாவின் கையில் கிண்ணம் அப்படியே நின்றது. பதினொரு வருஷம். பத்தடி தூரத்தில் இருக்கும் வீடு. நஸீரை ஒரு மணி நேரம் அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் காரியம். அவள் அதை வீம்பு என்று பேர் வைத்து, சந்து முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

"ஏன் ஹாஜிரா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ எங்க கேட்டே?" ஹாஜிரா குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நீ சொல்றவளாச்சே."

தஸ்லீமா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். நல்லது கெட்டதுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய், கேள்வி கேட்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டது.

"சரி. இப்போ கேக்கறேன். வெயில் என்னைக்கு வரும்னு எனக்குத் தெரியல. எங்க எல்லாரையும் எத்தனை நாள் வெச்சுக்குவே?"

ஹாஜிரா அறையைச் சுற்றிப் பார்த்தாள். மடியில் பிள்ளையோடு சாரா பேகம், சுவரில் சாய்ந்து கண் சொருகிய நகீனா, காலடியில் புரளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். குனிந்து கணப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினாள்.

"என் மகன் வர்ற வரைக்கும் இருங்களேன்" என்றாள்.